கொம்பு முளைத்த மாப்பிள்ளை

சந்திராவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கீழுதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள், அவ்வளவுதான். அதனால் நெரவியில் அவளை அறிந்தவர்கள் எல்லோரும் அவளைப் பொறுமைசாலி என்றே நினைத்திருந்தார்கள். காரைக்காலில் ஒரு ஸ்கேன் சென்டரின் முன்மேசையில் உட்கார்ந்து, டாக்டர் எப்போது வருவார் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லும் வேலை. அங்கே உதட்டை மடிக்காமல் பிழைக்க முடியாது.

போன அறுவடைச் சமயத்தில், சாலையில் காயப்போட்டிருந்த வைக்கோலில் ஸ்கூட்டி சறுக்கி விழுந்து கணுக்கால் உடைந்தது. மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தபோதுதான், தம்பி ஆதவன் வெளிநாட்டு வேலைக்குப் போகுமுன் போட்டுவிட்டுப்போன பெட்டியைத் திறந்து பார்த்தாள். மேசைமேல் வைத்து விளையாடும் ஏதோ சண்டை விளையாட்டு. விரல் உயரத்துக்கு வாள்வீரர்களும் சூனியக்காரிகளும் இரட்டைத்தலை மிருகங்களும். எல்லாம் ஒரே சாம்பல் நிறம். பார்க்கவே பாவமாக இருந்தது. கல்லூரி விடுதியில் இருக்கும் மகள் நந்தினியின் பழைய அக்ரிலிக் வண்ணங்கள் அலமாரியில் இருந்தன. ஒரு சூனியக்காரக் கிழவியை எடுத்து அங்கிக்குப் பச்சை தீட்டினாள். கண் வைக்கப்போய் முகமே அப்பிக்கொண்டது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

மாவுக்கட்டைப் பிரிப்பதற்குள் கை பழகிவிட்டது. முதலில் ஓர் அடிப்பூச்சு. வண்ணத்தை நீர்க்கக் கரைத்துத்தான் தொட வேண்டும். மடிப்புகளுக்குள் கறுப்பை ஓடவிட்டால் துணி துணியாகவே தெரியும். பிறகு பிளேடால் வெட்டவும் ஒட்டவும் துணிந்தாள். ஒரு வீராங்கனையின் தலைக்கவசத்தைச் சீவி எடுத்துவிட்டு, குழாய் ஓட்டை அடைக்கிற எம்சீலைப் பிசைந்து மீன்கூடை செய்து தலையில் ஏற்றினாள். கருக்களாச்சேரியிலிருந்து வாசலுக்கு மீன் கொண்டுவரும் முத்தமிழிடம் அதைக் காட்டினாள்.

"இது நானா? கூடையத் தலையில வச்சிக்கிட்டு எப்புடிம்மா கத்தி சுத்துறது?"

"கத்திய எடுத்துரட்டுமா?"

"ஐய, இருக்கட்டும்மா. வெல கொறச்சிக் கேக்க வர்றவுங்களுக்குத் தேவப்படும்."

அந்தச் சிரிப்பு சந்திராவுக்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. ஆனால் முத்தமிழைப்போல எல்லோரும் சிரித்துவிட்டுப் போகவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் ஒன்றையே சொன்னார்கள். "நல்லா இருக்கே, இத விக்கலாமே!" கணவன் நீலமேகம் ஞாயிறு முழுக்கத் தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்க்கிறான். அதை விற்கலாமே என்று யாரும் சொன்னதில்லை. எதிர்வீட்டுக்காரர் மாலையில் ஒரு மணி நேரம் நடக்கிறார். அவரிடமும் யாரும் கேட்டதில்லை. ஒரு பொம்பளை ஆசைக்கு உட்கார்ந்து ஒன்றைச் செய்தால் மட்டும் அதற்கு ஒரு விலைச்சீட்டை ஒட்டாமல் இவர்களுக்குத் தூக்கம் வராதா?

நாத்தனார் செல்லத்தின் கணவர் வைத்தியலிங்கம் வந்தபோதுதான் வினை முற்றியது. கல்யாணங்களுக்குப் பந்தலும் மைக்செட்டும் எடுத்து நடத்துகிறவர். பொம்மைகளைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் ஓர் அட்டைப்பெட்டியோடு திரும்பி வந்தார். உள்ளே பிளாஸ்டிக்கில் அச்சடித்த மாப்பிள்ளையும் பெண்ணும், நூறு ஜோடி.

"ரிட்டர்ன் கிஃப்ட்டும்மா. பார்ட்டிக்கிட்ட சொல்லிட்டேன். நீ கலர் மட்டும் அடிச்சுக் குடு."

"என்னய ஒரு வார்த்த கேக்கலியேண்ணே."

"இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு? சும்மா இருக்குற நேரத்துல செய்யிறதுதானே?"

அவள் நீலமேகத்தைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அத்தான் வாக்கு குடுத்துட்டாங்க சந்திரா" என்றான்.

உதட்டை மடித்துக்கொண்டு வேலையை எடுத்தாள். சிவப்புச் சேலை, வெள்ளை வேட்டி, சிவப்புச் சேலை, வெள்ளை வேட்டி. கல்யாணப் பெண்ணின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்திருந்தாள். விழிதியூர்ப் பெண். நல்ல கருமை, பளீரென்ற பல்வரிசை. அந்த நிறத்துக்காகக் காவியும் கறுப்பும் துளி நீலமும் கலந்து நாலைந்து தடவை பார்த்து, அதையே தீட்டினாள். செய்த அத்தனையிலும் அந்த முகம் ஒன்றுதான் அவளுக்குப் பிடித்த வேலை.

முடித்துக் கொடுத்த பெட்டி திரும்பி வந்தது.

"பொண்ணு கறுப்பா இருக்குங்குறாங்கம்மா மாப்பிள்ள வூட்டுல. கொஞ்சம் வெளுப்பா அடிச்சுக் குடுத்துரு."

"பொண்ணு அந்த நெறந்தானேண்ணே?"

"நெசத்துல இருந்தா என்ன, பொம்மையில என்னத்துக்கு?"

நூறு முகங்களின்மீதும் அவளே வெளுப்பை அப்பினாள். ஒவ்வொன்றாக, தன் கையால். பிற்பாடு நினைத்துப் பார்க்கையில் வைத்தியலிங்கத்தின்மேல் வந்த கோபத்தைவிட, அப்போது பிரஷைக் கீழே வைக்காத தன் கையின்மேல் வந்த கோபமே அவளுக்குப் பெரிதாக இருந்தது. கல்யாணத்தன்று மேடையில் நின்ற பெண்ணுக்கும் பவுடரை அப்பி, பொம்மையின் நிறத்துக்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். வைத்தியலிங்கம் மைக்கைப் பிடித்து, "இந்தப் பொம்மைகள் நம்ம குடும்பத் தயாரிப்பு, ஆர்டர்கள் வரவேற்கப்படும்" என்று அறிவித்தார். சந்திரா சாப்பிடாமலேயே பஸ் ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு வண்ண மேசையின் பக்கம் போகவே அவளுக்கு மனம் வரவில்லை. வைத்தியலிங்கம் வந்து அடுத்த கல்யாணத்துக்கும் ஒப்புக்கொண்டுவிட்டதாகச் சொன்னபோது, வாழ்க்கையில் முதன்முறையாக அவள் குரல் உயர்ந்தது.

"முடியாதுண்ணே."

"என்னம்மா இப்புடிச் சொல்ற? என் மரியாத என்னாவுறது?"

"உங்க மரியாதைக்கு நான் ஏன் கலர் அடிக்கணும்? ஒப்புக்கிட்டது நீங்க. நீங்களே அடிச்சுக் குடுங்க. அது சும்மா இருக்குற நேரம் இல்ல, என்னோட நேரம். ஒரு பொண்ண அவ மூஞ்சியோட விட முடியாத ஆளுங்களுக்கு நான் இனிமே ஒரு பொம்மையும் தொடமாட்டேன்."

"நீலமேகம், இது என்னடா பேச்சு?" என்று அவர் மச்சினன் பக்கம் திரும்பினார்.

நீலமேகம் வாயைத் திறந்தான். சந்திரா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். வைத்தியலிங்கம் காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

ஜெயித்தாகிவிட்டது, இனி உட்கார்ந்து தீட்டலாம் என்று நினைத்தாள். உட்கார்ந்தாள். ஒன்றும் வரவில்லை. பெட்டியில் இன்னும் பாதிப் பொம்மைகள் சாம்பல் நிறத்தில் காத்துக்கிடந்தன. யூடியூபில் தேடிப் பார்த்தாள். தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள், மேசையைச் சுத்தமாக வையுங்கள், இலக்கு வையுங்கள் என்றார்கள். இலக்கு வைக்கத்தான் ஸ்கேன் சென்டர் இருக்கிறதே, ஆசைக்குமா? போனைக் கவிழ்த்து வைத்தாள். தன் ஒரே சந்தோஷத்தை யாரோ கல்யாண மண்டபத்தில் வைத்துப் பந்தி பரிமாறிவிட்டார்கள் என்று நினைக்க நினைக்க எரிச்சலாக வந்தது.

அந்த எரிச்சலோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேசையை ஒழிக்கத் தொடங்கினாள். கல்யாணத்தில் கொடுத்தது போக மீந்து வந்த சில ஜோடிகள் அடியில் கிடந்தன. ஒரு மாப்பிள்ளை பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். என்ன சிரிப்பு உனக்கு என்று சொல்லி பிளேடை எடுத்தாள். ஆதவன் பெட்டியில் இருந்த எருமைத்தலைப் பூதத்தின் கொம்புகளை அறுத்து மாப்பிள்ளையின் நெற்றியில் ஒட்டினாள். வேட்டிக்குக் கீழே குளம்பு வைத்தாள். கையில் எம்சீலில் ஒரு மைக்.

அப்புறம் பெண்ணை எடுத்தாள். வெளுப்பைச் சுரண்டினாள். காவி, கறுப்பு, துளி நீலம். பழைய நிறம் திரும்பி வந்தபோது கை தானாக நிதானப்பட்டது. மாலையைச் சீவிவிட்டு மார்க்கவசம் பொருத்தினாள். சிவப்புச் சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டுவதுபோல மடிப்பெடுத்தாள். வேல் ஒன்றை ஊன்றிப் பிடிக்க வைத்தாள். கண்ணை வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள். இந்தத் தடவை அப்பவில்லை.

ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது அவளுக்குத் தெரியாது. நீலமேகம் ஓடிவந்து அடுப்பை அணைத்தான். மேசைப் பக்கம் வந்து குனிந்து பார்த்தான்.

"இது அத்தானா?"

"மாப்பிள்ளதான். நீங்க ஏன் அத்தானுன்னு நெனைக்கிறீங்க?"

அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரிப்பு அடங்கியதும், "அன்னைக்கே நான் பேசியிருக்கணும்" என்றான்.

"ஆமா, பேசியிருக்கணும்" என்றாள் அவள். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை.

இப்போது ஞாயிறுகளில் அவள் தீட்டுகிறாள். தோன்றாத ஞாயிறுகளில் தீட்டுவதில்லை, அதற்காக வருத்தப்படுவதுமில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் விற்கலாமே என்று ஆரம்பித்தால் நீலமேகமே முந்திக்கொண்டு, "அது அவங்க விளையாட்டுங்க" என்று பேச்சை வெட்டிவிடுகிறான். வைத்தியலிங்கம் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. போன வாரம் செல்லம் போனில் கூப்பிட்டாள்.

"உங்கண்ணன் இன்னும் மனசு விட்டுப்போயித்தான் இருக்காரு சந்திரா."

"இருக்கட்டும் அண்ணி. எனக்கும் இன்னும் ஆறல" என்றாள் சந்திரா. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இரட்டைத்தலை மிருகத்தின் இரண்டாவது தலைக்கு மஞ்சளா பச்சையா என்று தட்டில் கலந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.