பிள்ளையார்பாளையத்தில் பத்தடி தூரம்

இப்போது சொல்லப்போகும் கதையை நீங்கள் நம்பப்போவதில்லை. சத்தியம் செய்தே சொல்கிறேன், ஒரு வரிகூட நம்ப மாட்டீர்கள். என் அண்ணனுடைய பேரப்பிள்ளைகள்கூட, "சின்னத் தாத்தா ஆரம்பிச்சுட்டார்" என்று எழுந்து போய்விடுகிறார்கள். ஆனாலும் வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு காஞ்சிபுரம் போய்க் கோயில் சேவை செய்ய வழி கேட்டுச் சிலர் எழுதியிருப்பதால், எழுபதுகளின் தொடக்கத்தில் ஈப்போவிலிருந்து நாங்கள் போன பயணத்தின் கடைசி நாளை மட்டும் இங்கே வைக்கிறேன்.

போனது மூன்று பேர்: அண்ணன், அண்ணி, அப்போது கல்யாணமாகாத நான். பிள்ளையார்பாளையத்தில் ஒரு சின்ன சிவன் கோயிலில் ஒரு வாரம் உழவாரப் பணி. அதாவது புல் பிடுங்குவது, பிரகாரம் கூட்டுவது, எண்ணெய்ப் பிசுக்குத் தேய்ப்பது. நான் பிடுங்கிய புல்லைக் குவித்திருந்தால் கோபுரம் தெரிந்திருக்காது. அண்ணன் துடைப்பத்தை வீசிய வேகத்தில் காத தூரத்துத் தாமல் ஏரியில் அலை அடித்தது. அவருக்கு ஒரு வியாதி உண்டு. யார் கையில் வேலை இருந்தாலும், "நீங்க விடுங்க, நான் பண்றேன்" என்று பிடுங்கிவிடுவார். மூன்றாம் நாள் கோயிலில் பெருக்குகிற அம்மாள் என்னிடம் வந்து, "உங்க அண்ணனாண்ட சொல்லுபா, என் தொடப்பத்த எனக்கே தர மாட்டேன்றாரு" என்று முறையிட்டார்.

சேவை அண்ணனுக்கு. அண்ணிக்கு வேறு காரியம் இருந்தது. அவர் பிறந்ததே அந்த ஊரில்தான், கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு நெசவாளர் வீட்டில். சென்னையில் படிக்க வந்த அண்ணனை, வீட்டுக்குத் தெரியாமல் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு கப்பல் ஏறியவர். ஒன்பது வருஷமாக அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. மாமனார் முகத்தை அண்ணன் பார்த்ததுகூட இல்லை. மகள் வந்திருக்கும் செய்தி காதில் விழுந்து அப்பா தானே வருவார் என்று அண்ணி வாரம் முழுக்கக் கோயில் வாசலைப் பார்த்தபடி குத்துவிளக்கு துலக்கினார். அவர் வரவில்லை.

கடைசி நாள். பகல் பன்னிரண்டுக்குள் சென்னைத் துறைமுகத்தில் இருக்க வேண்டும். தூரம் எழுபத்தைந்து கிலோமீட்டர். நாற்பத்தைந்து ரூபாய்க்கு டாக்சி பேசி காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். ஏழு மணிக்குக் கோயிலில் அண்ணனுக்கு மரியாதை செய்வதாக இருந்தது. அவரை அங்கே இறக்கிவிட்டு, அண்ணியும் நானும் அவர் அப்பா தெருவுக்குப் போனோம். முதலில் தான் பேசிவிட்டு, பிறகு கணவரை அழைத்துப்போவது என்பது அண்ணியின் திட்டம்.

டிரைவர் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்.

"உள்ள போகாதாபா?" என்றேன்.

"பாவு போட்டுக்கினு இருக்காங்க சார். கலெக்டரே வந்தாலும் இங்க எறங்கி நடக்க வேண்டியதுதான்."

தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்ததை முடிந்துகொண்டிருந்தார்கள். அதைத்தான் பாவு என்பார்கள். வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். ஒரு முனையில் ஒருவர் அதை உருட்டு மரத்தில் சுருட்டுவார். மறுமுனைக் கழியைப் பிடித்திருப்பவர் இழுவை தளராமல் அடி அடியாக அவரை நோக்கி நடக்க வேண்டும். அன்று சுருட்டுகிற முனையில் நின்றவர் அண்ணியின் அப்பா.

கூப்பிட்டால் உள்ளே போய்விடுவார் என்று அண்ணிக்குப் பயம். தெருமுனையிலேயே நின்றுவிட்டார். என் மூளை உலகத்தின் எட்டாவது அதிசயம் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்து முனையைப் பிடித்திருந்தவரிடம் போய், "ஐயா, உங்க மாடு அவுத்துக்கிட்டு ஓடுது" என்றேன். "இத்த கொஞ்சம் புடிமா" என்று கழியை அண்ணி கையில் கொடுத்துவிட்டு ஓடினார். தன்னிடம் மாடே இல்லை என்பது அவருக்கு வாலாஜாபாத் தாண்டித்தான் ஞாபகம் வந்திருக்கும்.

"யாரது, தளருது பாரு. இழுத்துப் புடி" என்றார் பெரியவர், தலை நிமிராமல்.

அண்ணி கழியை இடுப்பில் அண்டக்கொடுத்து, பின்னால் சாய்ந்து இழுத்தார். அந்த இழுப்பிலேயே மகள் கை என்று பெரியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தார். சுருட்டுவது நின்றது. பிறகு மறுபடி சுருட்டினார், முன்னைவிட மெதுவாக.

கஞ்சி தெளித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாள், "இன்னாபா, இம்மாம் மெதுவா சுத்தற?" என்றார்.

"கஞ்சி வழுக்குது. நீ உன் வேலையப் பாரு."

அண்ணி நடந்தார். ஐம்பதடி. முப்பதடி. அப்பா வாயைத் திறக்கவும் மூடவுமாக இருந்தார். இன்னும் பத்தடிதான்.

அந்த நேரத்தில் கழுத்தில் மாலை, தலையில் பரிவட்டம் சகிதம் பட்டாபிஷேகம் முடிந்த ராஜாவைப் போல அண்ணன், தெருமுனையில் டாக்சியைப் பார்த்து வந்து சேர்ந்தார். கோயிலில் சீக்கிரம் முடிந்துவிட்டதாம். மனைவி கஞ்சிக் கையோடு தெருவில் நிற்பதைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"நீ ஏன் கஷ்டப்படறே? விடு, நான் பண்றேன்."

கழியைப் பிடித்துவிட்டார். அண்ணி ஒரு நொடி விடவில்லை. இரண்டு பேர் இழுத்தால் இழை அறுந்துவிடும், அதுவும் அப்பாவுடைய பாவு. நெசவுக்காரர் வீட்டுப் பெண் என்ன செய்வாள்? விட்டுவிட்டார்.

மிச்சப் பத்தடியை அண்ணன் நடந்தார், பல்லெல்லாம் தெரிய.

"கெட்டியா புடிங்க சார்" என்றார் பெரியவர். கடைசிச் சுற்றைச் சுற்றினார். கழியை வாங்கிக்கொண்டார். "ரொம்ப தேங்ஸ் சார்." மரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணன் கஞ்சிக் கையைக் கழுவத் தெருக்குழாய்க்குப் போயிருந்தார். அண்ணி பின்னால் போவதற்குள் பெரியவர் கதவைச் சாத்திவிட்டார். தட்டினார். திறக்கவில்லை. மணி எட்டேகால். டிரைவர் ஹாரன் அடித்தார்.

ஊர் எல்லையில் அண்ணன் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "பாவம் அந்தப் பெரியவர், ஆள் இல்லாம திண்டாடினார். போற நேரத்துல ஒரு கை கொடுத்தது நல்லதாப் போச்சு" என்றார். "ஆமா, உங்க அப்பா வீடு எங்கே? காட்டவே இல்லையே?"

"தாண்டி வந்துட்டோம்" என்றார் அண்ணி.

அதற்குப் பிறகு அவர் காஞ்சிபுரம் போகவே இல்லை. அப்பா இறந்த தந்தி, காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் ஈப்போவுக்கு வந்தது. அன்று அண்ணன் பிடித்தது தன் அப்பாவுடைய பாவு என்பதை அவரிடம் கடைசிவரை சொல்லக் கூடாது என்று அண்ணி என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கினார். அண்ணனும் போய்விட்டார், ஊருக்கு உழைத்த திருப்தியோடு.

போகிறவர்களுக்கு: அதிகாலையிலேயே கிளம்புங்கள், நெசவாளர் தெருக்களில் இறங்கி நடங்கள். பருத்தித் துணி உடுத்துங்கள், வெறுங்காலுக்குப் பிரகாரக் கல் பதினொரு மணிக்கு மேல் தாங்காது. சேவை செய்யுங்கள், தாராளமாக. அடுத்தவர் கையில் இருக்கிற வேலையைப் பிடுங்குமுன், பிடுங்கலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மற்றபடி, நான் அளந்ததில் முக்கால்வாசியைத் தள்ளிவிடலாம், எனக்கு வருத்தமில்லை. அந்தப் பத்தடி மட்டும் நிஜம்.