செல்லப்பாண்டியின் வாயும் ஞானஸ்நானமும்

மேல்மலைப் போளூரிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டைகளை மட்டக்குதிரைகள் மேல் ஏற்றிக் கோடைக்கானல் சந்தைக்குக் கொண்டுவருவது செல்லப்பாண்டியின் பிழைப்பு. ஆள் கண்ணில் படுவதற்கு முன்பே வசவு காதில் விழுந்துவிடும். குதிரை நின்றால் வசவு, நடந்தால் வசவு, மழை பெய்தால் மழைக்கும் ஒன்று.

கோடைக்கானல் நாயுடுபுரத்தில் குடியேறிய பின் அவர் மனைவி தங்கமுத்தும் பிள்ளைகளும் சர்ச்சில் ஞானஸ்நானம் பெற்றார்கள். செல்லப்பாண்டியும் ஞாயிறு தவறாமல் கடைசி பெஞ்சில் உட்காருவார். இயேசு என்றாலே கண் கலங்கும். ஆனால் ஞானஸ்நானப் பேச்செடுத்தால், "இந்த நாற வாயை வச்சுக்கிட்டா? மொதல்ல திருந்திக்கிறேன்" என்று நழுவிவிடுவார்.

திருந்தத்தான் பார்த்தார். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் பட்டினி கிடந்தார். சர்ச் கூரைக்கு ஓடு சுமந்தார். வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு குதிரை ஓட்டினார். கல்லைத் துப்பிவிட்டுத் திட்டினார். வருஷங்கள்தான் ஓடின.

அறுபத்திரண்டாவது வயதில் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலில் விழுந்தார். பார்க்க வந்த போதகரையே ஜன்னி வேகத்தில் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார். காய்ச்சல் இறங்கியதும் தங்கமுத்து அதைச் சொல்ல, மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் போதகர் மறுபடி வந்தார்.

"நான் திருந்தவே இல்லீங்கய்யா."

"அதான் காதாரக் கேட்டேனே" என்று போதகர் சிரித்தார். "உங்களால ஆகாதுன்னுதான அவர் சிலுவையில தொங்கினாரு? எல்லாம் செஞ்சு முடிச்சாச்சு, செல்லப்பாண்டி. கைநீட்டி வாங்கிக்கிறது ஒண்ணுதான் உங்க சோலி."

"அழுக்கெல்லாம் போனப்பறம்தான் குளிக்கப் போவீகளாக்கும்?" என்றாள் கஞ்சியோடு வந்த தங்கமுத்து.

செல்லப்பாண்டிக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. நெஞ்சுக்குள் இறுகிக் கிடந்த எதுவோ இளகியது. எழுந்து நிற்கத் தெம்பு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே ஞானஸ்நானத்துக்குத் தலையைக் குனிந்து கொடுத்தார்.

மறுவாரம் பாதையில் ஒரு குதிரை மூட்டையோடு சேற்றில் படுத்துவிட்டது. வாய் தன் வேலையைக் காட்டிவிட்டது. திடுக்கிட்டு நின்றார். எல்லாம் போயிற்றோ? போகவில்லை என்று அவருக்கே தெரிந்தது. தான் சம்பாதித்ததாக இருந்தால் அல்லவா தொலைப்பதற்கு!

"மன்னிச்சுக்கிடும் ஆண்டவரே" என்றார். மூட்டையை இறக்கி, குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்து எழுப்பினார். வசவு பிறகும் அவ்வப்போது வரத்தான் செய்தது, வரவரக் குறைந்தது.

குதிரை சேற்றில் படுத்த அன்று வீடு வந்து வயிறாரச் சாப்பிட்டுப் படுத்தவர், விடியும்வரை புரளாமல் தூங்கினார்.