மாப்பிள்ளைக்குப் போட்ட கைக்கடிகாரம்

ஐயாவு அண்ணன் கடிகாரம் பழுது பார்ப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடும். ஒரு திருகாணியைக் கழற்ற அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். சுங்காய்த் தோட்டத்து ரப்பர் ஆலையில் இயந்திரம் பார்த்தவர், எழுபத்திரண்டில் ஈப்போ பட்டணத்துக்கு வந்து, என் கடலை வண்டிக்குப் பக்கத்தில் மேசை போட்டார்.

எண்பத்து நாலில் அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஜெயபாலனுக்கு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் போடுவது முறை. பேட்டரிக் கடிகாரம் கடை கடையாகக் குவிந்து கிடக்கிறது, ஒன்றை வாங்கிப் போட்டுவிடுங்கள் என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தோட்டத்துக் காலத்தில் தாம் கையில் கட்டி, பிறகு நின்றுபோன சுவிஸ் கடிகாரம் ஒன்றை எடுத்தார். உள்ளே ஆடும் சக்கரத்தின் அச்சு ஒடிந்திருந்தது. எங்கு தேடியும் மாற்று அச்சு கிடைக்கவில்லை. தையல் ஊசியைத் தேய்த்துத் தாமே அச்சு செய்ய உட்கார்ந்தார். ஒன்பது ஊசி வீணானது. பத்தாவது பொருந்த நான்கு மாதம் ஆயிற்று. மருமகன் ஒரே ஒரு தடவை மூடியைத் திறந்து உள்ளே பார்த்தால் போதும் என்று சொல்லிச் சொல்லி என் உயிரை எடுத்தார்.

கல்யாணம் முடிந்து மூன்று மாதம் கழித்து ஜெயபாலன் மேசைக்கு வந்தார். கையில் அதே கடிகாரம். அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

"ஷிப்டு மாறி மாறி வருது மாமா, சாவி குடுக்க மறந்து போவுது. ரெண்டு நாள் வேலைக்கு லேட்டு. அதான் உள்ள இருந்தத எடுத்துட்டு பேட்டரி மெஷின் போடச் சொல்லி ஒரு கடையில குடுத்துட்டேன். வெளிய அதே கடிகாரம்தான் லா."

அண்ணன் மூடியைத் திறந்தார். ஒரு பிளாஸ்டிக் துண்டும் பேட்டரியும் இருந்தன. பழையது எங்கே என்று கேட்டார். கடையிலேயே குப்பையில் போட்டுவிட்டார்களாம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் என்ன சொல்லித் திட்டுவது? மாமனார் போட்டதைத் தினமும் கட்ட வேண்டும் என்றுதானே அந்தப் பிள்ளை இதைச் செய்திருக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அண்ணன் மூடியை அழுத்திப் பொருத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அவங்க தெறந்தப்ப உள்ள பாத்தீங்களா மாப்பிள்ளை?"

"இல்ல மாமா. நான் பக்கத்துக் கடைக்குத் தே தண்ணி குடிக்கப் போயிட்டேன்."