சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த மோட்டார் சைக்கிள்

எனக்கு எண்பது முடிந்துவிட்டது, ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியும் விட்டேன். ஆனாலும் மிளகு போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெய் சுடு இரும்பில் பட்டுக் கருகுகிற வாடை எங்கிருந்தாவது வந்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது. போன மாசம் ஒரு கல்யாணப் பந்தியில் என் மாமா மகன், பக்கத்து வீட்டுக்காரன், இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "பண்ணையார் வண்டி இந்த மதினி கை பட்டுத்தான் கெட்டுப்போச்சு, தெரியும்லா?" என்று சொல்லிச் சிரித்தான், சுற்றி இருந்தவர்களும் சோற்றைப் பிசைந்தபடியே சிரித்தார்கள். நான் அந்தப் பந்தியில் மோர் கேட்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன். பேர் எழுதுகிற அளவுக்குத்தான் எனக்கு எழுத்து தெரியும், அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி செல்வி எழுதுகிறாள்.

ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றுக்குப் போகிற பாதையோரம் எங்கள் கொல்லம்பட்டறை. அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை, ஆகவே துருத்தி ஊதுவது நான், கலப்பைக் கொழுவைக் குறடால் பிடிப்பது நான், மரை கழற்றுவதும் நான்தான். வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் சீமைச் சண்டைக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன பழைய மோட்டார் சைக்கிளை எங்கள் ஊர்ப் பண்ணையார் வாங்கியிருந்தார். அதன் சத்தத்தை வைத்து ஊரில் அதற்கு "டுப்டுப்பு வண்டி" என்று பேர். ஓட்டுகிறது பண்ணையார். துடைத்து வைத்துக் கிளப்பிக் கொடுக்கிற வேலை என் அம்மாவின் தம்பிக்கு, அதாவது மாமாவுக்கு. அந்த வேலை கிடைத்த நாளிலிருந்து மாமா தரையில் கால் வைத்து நடந்ததை நான் பார்க்கவில்லை.

கிளட்ச் என்கிறீர்களே, அதற்கு அப்பா வைத்த பேர் "விடுபிடி". எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு வட்டப் பெட்டி, அதற்குள் மெல்லிய தகடுகள் தோசை அடுக்கின மாதிரி இருக்கும். ஒட்டி நின்றால் வண்டி ஓடும். கைப்பிடியை இழுத்தால் தகடுகள் பிரிந்து, எஞ்சின் பாட்டுக்கு ஓட, வண்டி நிற்க வேண்டும். அது நிற்காமல் போய்விட்டது. கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் வண்டி முன்னால் முன்னால் இழுத்தது, இல்லையென்றால் எஞ்சின் செத்தது. அப்பா கம்பியை இறுக்கிப் பார்த்தார், கேட்கவில்லை. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, என்னைக் கைப்பிடியை இழுக்கச் சொல்லிவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். செக்கு மாதிரி இறுகிக் கிடந்தது. "பிடிக்கத் தெரியுது, விடத் தெரியல" என்றார். சீமைப் பெட்டியைத் திறந்து அப்புறம் மூட முடியாமல் போனால் என்ன செய்வது என்று அதற்கு மேல் போகத் தயங்கினார்.

அந்த வாரத்திலேதான் பண்ணையார் அணைக்கட்டுப் பக்கம் வாழைத்தார் ஏற்றின மாட்டுவண்டிக்கு வழிவிட நிறுத்தப் போய், வண்டி நிற்காமல், வாய்க்காலுக்குள் இறங்கினார். தலைப்பாகை தனியாகத் தண்ணீரில் போனதாம்.

மறுநாள் வண்டியை மாட்டில் பூட்டிப் பட்டறைக்கு இழுத்துவந்தார்கள். பண்ணையார் வாசலில் நின்றார். மாமா அப்பாவிடம், "அத்தான், நான் சொன்னா உங்களுக்குக் கசக்கும். சமைஞ்ச பிள்ளையை இரும்புல கை வைக்க விட்டிய. இது தீட்டுத் தோசம்லா?" என்றார். பண்ணையாருக்கும் விழுந்ததற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. "என்ன வே ஆசாரி, இனிமே அந்தப் பிள்ளை பட்டறைக்குள்ள கால் வைக்கப்படாது. வச்சா என் பண்ணை வேலை ஒண்ணும் இங்கன வராது" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சுத்தியலைப் பார்த்தார். துருத்தி என் கையை விட்டுப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ. "ஐயா, நீங்க வாய்க்கால்ல விழுந்த அன்னைக்கு நான் வீட்டுக்குத் தூரம். மூணு நாளா தொழுவு மூலையில உக்காந்திருந்தேன், இன்னைக்குத்தான் குளிச்சு உள்ள வந்தேன். அப்ப தொட்டது யாரு?" என்றேன். ஆண்பிள்ளைகள் முன்னால் அந்தப் பேச்சை எந்தப் பெண் பேசுவாள்! அம்மா உள்ளே இருந்து, "வாய மூடுட்டி!" என்று கத்தினாள். நான் மூடவில்லை. மாசா மாசம் அந்த மூலையில் உட்கார்ந்தவளுக்குக் காது மட்டும்தானே வேலை. தினமும் பண்ணையார் எங்கள் வாசலில் நிறுத்துவார். வியாழன், வெள்ளியில் வண்டி ஓரளவு நின்று மூச்சு விடும், ஞாயிற்றுக்கிழமை காலையில் நிறுத்தின உடனே இழுத்துக்கொண்டு போய்ச் சாகும், கூடவே எங்கள் அடுப்படி வாடை வரும். சனிக்கிழமை மாமாவின் குளியலுக்கு எண்ணெய் காய்ச்சுகிறது என் அம்மா. கொஞ்ச நாளாக மாமா ரெண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கிப் போனார்.

"சனிக்கிழமை நீங்க வண்டிக்கு என்ன செய்யுதீய, மாமா?"

மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எண்ணெய் தேய்ச்சு விடுதேன். சூட்டு உடம்புள்ள வண்டி. ஆம்பளை வண்டிக்குச் சனிக்கிழமைதானே குளியல்? ஓட்டை உள்ள இடத்துலெல்லாம் பைய ஊத்தி ஊற விடுவேன். என் மவனா இருந்தாக்கூட இப்படிப் பாக்க மாட்டேன்" என்றார்.

"அப்பா, பெட்டியத் திறங்க. உள்ள ஒண்ணும் இல்லன்னா நானே இந்த வாசலை மிதிக்கமாட்டேன்" என்றேன்.

அப்பா சுத்தியலை ஓரமாக எடுத்து வைத்தார். பிறகு திருகுச்சாவியை என் கையிலேயே கொடுத்தார்.

மூடியைக் கழற்றினதும் அந்த வாடை பட்டறை முழுக்க அடித்தது. தகடுகள் ஒன்றோடொன்று கருத்த பிசினாக ஒட்டிக் கிடந்தன. கத்தி முனையை விட்டுத்தான் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பெட்டியின் அடியில் உருண்டையாக ஒன்று கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். மிளகு.

"இது நான் போட்டதா, மாமா?"

பண்ணையார் அந்த மிளகை வாங்கி விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். "ஏலே, நான் வண்டி வாங்குனது ரசம் வைக்கவாலே?" என்றார். மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டான்.

தகடுகளைச் சீமெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்து, வெயிலில் காயவைத்து, அடுக்கி மூடினோம். நான் கைப்பிடியை இழுத்துப் பிடிக்க, அப்பா கையால் தள்ளினதும் பின்சக்கரம் ராட்டினம் மாதிரி சுற்றியது. பண்ணையார் ஆறு வரைக்கும் போய்த் திரும்பி வாசலில் நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வண்டி நின்ற இடத்திலே நின்றது. நான் பட்டறைக்கு வரலாம் என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் துருத்தியடியில் போய் உட்கார்ந்தேன். எவரும் எழுப்பவில்லை.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது டீக்கடை. துருத்தித் தோலைக் கரையான் தின்றது, வண்டி பழைய இரும்புக்குப் போயிற்று, பண்ணையார் வீட்டில் பாதிக்கு ஓடு இல்லை. அதற்கெல்லாம் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. தொழுவு மூலையும் போயிற்று. நான்தான் இடிக்கச் சொன்னேன், என் மகள்களையோ மருமகள்களையோ அங்கே ஒரு நாள் உட்காரவைத்ததில்லை. அதற்குத் துளி வருத்தமும் இல்லை.

ஏட்டி செல்வி, எழுதினது போதும். சன்னலைத் திறந்துவிட்டு முதலிலிருந்து வாசி. பக்கத்து வீட்டில் மாமா மகன் இந்நேரம் வாசலில்தான் உட்கார்ந்திருப்பான். மிளகு வருகிற இடத்தை மட்டும் ரெண்டு தரம் வாசி.