முந்திச் சொன்ன ஸ்தோத்திரம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நான்கு பிள்ளைகள், வளர்த்தது ஐந்து. ஐந்தாவது, என் மூன்றாவது மகளின் மகள். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் பாதியில் போய்ச் சேர்ந்த பிறகு, இந்தக் கன்னட ஊரில், தேவராஜ மார்க்கெட்டில் கீரை விற்று இத்தனை பேரையும் ஆளாக்கினேன். உதவி என்று யார் வாசலிலும் போய் நின்றதில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி பைபிள் வாசிப்பேன், நிதானமாக எழுதுவேன். அதே கையெழுத்தில் ஒரு தடவை, நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதி ஆண்டவர் சந்நிதியில் வைத்தேன். அதையும், அதை என் மகள் எப்படி நேராக்கினாள் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

நால்வரில் அந்த மூன்றாவது மகள்தான் வாயாடி. மார்க்கெட்டுக்கு வந்தாளென்றால், பக்கத்தில் எலுமிச்சம்பழம் விற்கிற கன்னடத்து அம்மாவிடம் வம்பு பேசிச் சிரிக்க வைப்பாள். வேடிக்கை பார்க்க நின்றவர்கள் கீரையும் வாங்கிப் போவார்கள். கல்யாணமாகி, பெண் குழந்தை பிறந்து, அதற்கு மூன்று வயதானபோது, கால் மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்றாள். இரண்டு மாதத்தில் செருப்பு கழன்று போவதுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஆறு மாதத்தில் சுவரைப் பிடித்து நடந்தாள். பிறகு கட்டில்தான். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். அடுத்தவர் அது இல்லை என்று வேறு பெயர் சொன்னார். மூன்றாமவர் பெயரே சொல்லவில்லை. அவள் புருஷன் பெங்களூரில் வேலை என்று போனான். வாரம் ஒரு முறை வந்தவன் மாதம் ஒரு முறை வந்தான், அப்புறம் வரவில்லை. தாயையும் பிள்ளையையும் நான் என்னிடம் வைத்துக்கொண்டேன். கீரை விற்று முடித்து வந்ததும் நல்லெண்ணெய் தேய்த்து அவள் கால்களை அமுக்கிவிடுவேன். அவளுக்குக் காலில் ஒரு உணர்ச்சியும் இல்லை. இருந்தாலும் அமுக்குவேன்.

எங்கள் தமிழ்ச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கோவில் வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கும். ஜெபம் கேட்கிறவர்களும், கேட்டது கிடைத்து ஸ்தோத்திரம் சொல்கிறவர்களும் சீட்டு எழுதி அதில் போடுவார்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு, பாஸ்டர் ஐயா ஸ்தோத்திரச் சீட்டுகளைச் சபைக்கு வாசித்துக் காட்டுவார். மூன்று வருஷம் நான் ஜெபச் சீட்டு மட்டுமே போட்டேன். ஒரு உபவாசக் கூட்டத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர், கேட்டது கிடைத்துவிட்டது என்று நம்பி முன்னதாகவே நன்றி சொல்லிவிடுங்கள் என்றார். கெஞ்சிக் கெஞ்சி அலுத்திருந்த எனக்கு அது பிடித்துப்போயிற்று. அடுத்த ஞாயிறு, “என் மகள் எழுந்து நடக்கிறாள், தேவனுக்கு ஸ்தோத்திரம்” என்று எழுதி, கீழே என் பெயரையும் போட்டு, பெட்டியில் போட்டேன். விசுவாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சபை முழுக்கக் கேட்டுவிட்டால் ஆண்டவரால் மறுக்கமுடியாது என்ற நினைப்பும் உள்ளே இருந்தது. மார்க்கெட்டில் பேரம் பேசிப் பழகிய மனசு.

மாதக் கடைசி ஞாயிறு பாஸ்டர் ஐயா கண் கலங்கி அதை வாசித்தார். சபையே எழுந்து நின்று கை தட்டியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள். அன்று மத்தியானமே பெண்கள் சங்கத்திலிருந்து ஐந்தாறு பேர் தூக்குவாளி நிறையக் கேசரிபாத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவள் கட்டிலில் கிடந்தாள்.

“நடக்கறான்னு வாசிச்சாரே?” என்றார் வாளியைக் கையில் வைத்திருந்த அம்மா.

மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவரிடம், “இவ்ளோ நேரம் நடந்துட்டுத்தான் இருந்தேன் ஆன்ட்டி. நீங்க வர்ற சத்தம் கேட்டுச்சு, படுத்துட்டேன். கேசரிபாத் எனக்குத்தானே? இப்படிக் குடுங்க” என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. போகும்போது, வாளி கொண்டுவந்த அதே அம்மா, செருப்பு மாட்டிக்கொண்டே எனக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்: “பொண்ணுக்கு விசுவாசம் பத்தலியோ என்னமோ. இல்லாட்டி, சொல்லாம மறைச்ச பாவம் ஏதாச்சும் இருக்கும்.”

அது கட்டில்வரை கேட்டிருந்தது. “என்னை ஒரு வார்த்தை கேக்காம என்னை நடக்க வெச்சுட்டியேம்மா,” என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை. “அடுத்த கடைசி ஞாயித்துக்கிழமை என்னைக் கோவிலுக்குக் கூட்டிட்டுப் போ. நான் சாட்சி சொல்லணும்.”

“உடம்பு கொஞ்சம் தேறட்டும்.”

“தேறலன்னுதாம்மா சொல்லப்போறேன்.”

நான் கூட்டிப் போகவில்லை. ஒரு மாதம் மழை என்றேன், அடுத்த மாதம் ஆட்டோ கிடைக்கவில்லை என்றேன். என் பிள்ளையை நாலு பேர் தூக்கிக்கொண்டு வருவதை நாற்பது பேர் பார்ப்பதா என்று எனக்கு ஆற்றாமை. அவளோ நாளுக்கு நாள் மெலிந்தாள். பேசும்போதே மூச்சு வாங்கியது. பாவம் செய்தவள் என்ற பேச்சோடு அவள் போய்விடுவாளோ என்ற பயம் ஒரு பக்கம், கொண்டுபோய் நிறுத்தத் தைரியம் வராதது ஒரு பக்கம். ஒருநாள் நான் கட்டிலருகில் அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது கேட்டாள்: “நீ எனக்காக வெக்கப்படறியாம்மா, இல்ல ஆண்டவருக்காக வெக்கப்படறியா?”

கை நின்றுவிட்டது. இரண்டுக்காகவும்தான் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

அந்த மாதக் கடைசி ஞாயிறு கூட்டிப் போனேன். பாடகர் குழுவில் இருந்த இரண்டு பேர் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி ஆல்டருக்கு முன்னால் வைத்தார்கள். பாஸ்டர் ஐயா மைக்கைத் தாழ்த்திப் பிடித்தார். நான் முதல் வரிசையில் இருந்தேன். அவள் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் எழுதுகிறேன்.

“எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கம்மா எழுதின சீட்டு பொய் இல்ல, அவசரம். கீரை வாடிரும்னு சீக்கிரம் வித்துப் பழகினவங்க.” இப்போது சிரித்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். “எனக்குச் சுகம் வரல. ஏன்னு கேட்டேன், பதிலும் வரல. நான் என்ன பாவம் பண்ணேன்னு நிறைய யோசிச்சேன். பண்ணியிருக்கேன், உங்க எல்லாரையும் போலத்தான். இந்தக் காலுக்கு அது காரணமான்னு தெரியல. ஒண்ணு மட்டும் தெரியும். தினம் எங்கம்மா என் காலை அமுக்கறாங்க. அவங்க கை படறது எனக்குத் தெரியாது. தெரியலங்கறதுக்காக அவங்க அமுக்கலன்னு ஆயிடுமா? ஆண்டவரும் அப்படித்தான் இருக்காருன்னு நினைச்சுக்கறேன். அதுக்காக ஸ்தோத்திரம். அவ்ளோதான்.”

யாரும் கை தட்டவில்லை. பாஸ்டர் ஐயா மைக்கைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜெபம்கூடச் சொல்லவில்லை. கேசரிபாத் கொண்டுவந்த அம்மா எங்களைப் பார்க்காமல் வெளியே போனார். இருக்கட்டும். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் என் தோளில் சாய்ந்து, “நல்லா பேசினேனா?” என்று கேட்டாள். “ரொம்பப் பேசின,” என்றேன். “நல்லா பேசின” என்று சொல்லியிருக்கலாம். அதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரம் அவள் போய்விட்டாள். குழந்தைக்கு அப்போது ஏழு வயது. அடக்கம் முடிந்து வந்த பிறகும் பல நாள், மார்க்கெட்டிலிருந்து திரும்பியதும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவிட்டு, கையில் வைத்துக்கொண்டே நின்றிருக்கிறேன். கோவிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆண்டவரோடு பேசுவதைத்தான் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள், வெங்காயம் நறுக்கும்போது, தானாகவே பேச ஆரம்பித்துவிட்டேன். பரலோகத்தில் அவளைப் பார்ப்பாய் என்கிறார்கள். நம்புகிறேன். ஆனால் அது பிறகு. இன்றைக்கு, இந்த வீட்டில், அவள் என்னை ஏதாவது கிண்டல் பண்ணினால் போதும் என்றிருக்கிறது.

அந்தக் குழந்தைக்கு இப்போது இருபத்திரண்டு வயது. வேலைக்குப் போகிறாள். தமிழைவிடக் கன்னடம்தான் அவளுக்கு வாயில் வரும். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டாள்: “அஜ்ஜி, அம்மாவை ஏன் ஆண்டவர் சுகமாக்கல?” அதற்குப் பதிலை இங்கே எழுதுகிறேன். எனக்குத் தெரியாது, கண்ணு. தெரிந்த மாதிரி ஒன்றைச் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்தவும் மாட்டேன். உன் அம்மாவும் தெரியாமல்தான் போனாள், ஆனால் அவர் கையை விடாமல் போனாள். நான் பார்த்தது அவ்வளவுதான். பார்த்ததை எழுதிவிட்டேன்.

எழுதியது சரியாக வந்திருக்கிறதா என்று திரும்ப வாசிக்க இப்போது கண் தெளிவு போதவில்லை. இங்கே வா, பக்கத்தில் உட்கார். சண்டே ஸ்கூலில் படித்த தமிழ் போதும். எழுத்துக் கூட்டியே வாசி, எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. முதலிலிருந்து வாசி. உன் அம்மா பேசுகிற இடம் வரும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாக வாசி. அவள் குரல்தான் உனக்கு.