கண்டக்டருக்குத் தண்ணீர்

எங்கள் பெரியப்பா ஹாரன் அடித்தால் நிலாகூட ஓரமாக ஒதுங்கி வழிவிடும். அவருக்குக் கோபம் வந்தால் எரிமலைகள் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து பாடம் படிக்கும். இருபது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார். இதுவரை அவரை யாரும் முந்தியதில்லை. காற்று மட்டும் இரண்டு தடவை முயற்சி செய்து அவமானப்பட்டது.

இப்பேர்ப்பட்ட ஆளுக்கு வீட்டில் ஒரு பூனை. பெயர் கண்டக்டர். யார் வந்தாலும் வாசலில் மறித்து, பையை மோந்து பார்த்து, திருப்தியானால்தான் உள்ளே விடும்.

ஒருநாள் கண்டக்டருக்கு மூச்சு வாங்கியது. வயிறு துருத்தி மாதிரி ஏறி இறங்க, வாயைத் திறந்தபடி கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பெரியப்பா அதைத் துண்டில் சுருட்டித் தூக்கிக்கொண்டு விலங்கு மருத்துவமனைக்கு ஓடினார். இதயம் பலவீனம், நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, தேறியதும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியே தள்ளும் மாத்திரை. நிறுத்தினால் நுரையீரல் மறுபடி நிரம்பும்.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. கண்டக்டர் மெத்தைக்கும், அது ஒன்றுக்குப் போகிற மணல் தட்டுக்கும் இடையே ஷட்டில் சர்வீஸ் விட்டது. பெரியப்பாவால் அதைப் பார்க்க முடியவில்லை. அந்த அவஸ்தை அவருக்குத் தெரிந்த அவஸ்தை. அவர் வழித்தடத்தின் கடைசி நிறுத்தத்தில் ஒரு சுவர்தான் இருக்கிறது. டிப்போவில் கழிவறை உண்டு, அதற்குப் பூட்டும் உண்டு, சாவி மேனேஜரிடம். பெரிய அதிகாரிகள் வந்தால் மட்டும் திறக்கும். அதனால் ஓட்டுநர்களுக்குள் ஒரு வழக்கம்: வண்டி எடுக்கிற நாளில் தண்ணீர் குடிப்பதில்லை. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு ஏறினால், இறங்கும்வரை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுதான் கிடக்கும். புதிதாகச் சேருகிறவனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

"பாவம், அதுவும் டூட்டில இருக்கு. நான் வர்ற வரைக்கும் குடிக்கலன்னா அலைச்சல் மிச்சம்" என்று சொல்லிவிட்டு, காலையில் கிளம்பும்போது கண்டக்டரின் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். பெரியம்மா தலையாட்டினார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஓட்டுநர் வீட்டில் யாருக்கு இது தப்பாகத் தோன்றும்?

அந்த வாரக் கடைசியில் நான் மீன் பையோடு உள்ளே போனேன். சோதனை இல்லை. கண்டக்டர் துவண்டுபோய்க் கிடந்தது. நாக்கு காய்ந்த காகிதம் மாதிரி இருந்தது.

மறுபடி மருத்துவமனை.

"தண்ணி வைக்கிறீங்கதானே?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"சாயங்காலம் வைக்கிறேன்மா."

"பகல்ல?"

"எடுத்து வெச்சிடுவேன். அடிக்கடி போக வேணாமேன்னு..."

டாக்டரம்மா பேனாவை மேசையில் எறிந்தார். "ஏங்க, மாத்திரை உள்ள இருக்கிற தண்ணியை வெளிய இழுக்குது. நீங்க குடிக்கிறதையும் நிறுத்திட்டா உடம்பு வத்திப் போகாதா? இப்ப நான் டிரிப் ஏத்துனா நுரையீரல்ல போய்ச் சேருமோன்னு பயம். ஏத்தலன்னா கிட்னி போயிடுமோன்னு பயம். யாருங்க சொன்னா உங்களுக்கு இந்த வைத்தியத்தை?"

சுவர் அதிரப்போகிறது என்று நான் கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டேன். பெரியப்பா மெதுவாகச் சொன்னார்: "நாங்க குடிக்க மாட்டோம்மா."

"யாரு நாங்க?"

"டிரைவருங்க."

டாக்டரம்மா அதற்கு மேல் திட்டவில்லை. மாத்திரையைக் குறைத்து, சொட்டுச் சொட்டாக டிரிப் ஏற்றினார். காலையில்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் கூடவே வந்திருந்த பெரியம்மா.

"டிப்போவுக்கு."

இந்த வேடிக்கையை விடுவேனா? பின்னாலேயே ஓடினேன்.

மேனேஜர் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "உனக்கு இன்னிக்கு லீவாச்சேய்யா?"

"என் மூத்திரத்துக்கும் லீவா சார்? சாவியைக் குடுங்க!"

"கத்தாதே. தண்ணி இல்ல, அதான் பூட்டியிருக்கு."

"உங்க ரூமுக்குப் பின்னாடி இருக்கிறதுக்கு மட்டும் எங்கேர்ந்து சார் வருது? பூனைக்குக்கூட ஒரு மணல் தட்டு இருக்கு. எங்களுக்கு என்ன இருக்கு? தாகத்தை அடக்கி அடக்கி, குடிக்காம இருக்கிறதுதான் ஒழுங்குன்னு ஆக்கிட்டீங்களேய்யா! வாயில்லாத ஜீவன், அதோட தண்ணியை இந்தக் கையாலயே பிடுங்கி வெச்சுட்டேன்யா!"

"பூனைக்கும் டிப்போவுக்கும் என்ன சம்பந்தம்? எதுவா இருந்தாலும் மேலிடத்துக்கு எழுதிக் குடு."

பெரியப்பா மேசையில் இருந்த மேனேஜரின் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். எறியப்போகிறார் என்று நான் ஆசையோடு காத்திருந்தேன். அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தார். காலி பாட்டிலை டங்கென்று வைத்தார்.

"இனிமே குடிச்சிட்டுத்தான் வண்டி எடுப்பேன். எங்க வருதோ அங்க நிறுத்துவேன். பயணிங்க கேட்டா உங்களைக் கைகாட்டுவேன்."

சொன்னபடியே செய்கிறார். பாதி வழியில் பெட்ரோல் பங்கில் வண்டி நிற்கிறது. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதிலுக்கு அவர் போட்ட சத்தம் பக்கத்து டிப்போவிலும் கேட்டதாம். கழிவறைப் பூட்டு மட்டும் அப்படியே தொங்குகிறது.

கண்டக்டர் பிழைத்து வீடு வந்தது. இப்போது மூலைக்கு மூலை தண்ணீர்க் கிண்ணம். இருட்டில் நடந்தால் கால் நனையும். அது தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று தினமும் எண்ண வேண்டும், முப்பதைத் தாண்டினால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. பகலில் அந்த வேலையை என் தலையில் கட்டப் பார்த்தார் பெரியப்பா.

"எனக்கு வேற பொழப்பே இல்லையா? பசங்களுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும். அந்தப் பூனை பக்கமே நான் போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

நேற்று வேலை முடிந்து வந்தவர் ஷூவைக் கழற்றியபடி என்னைப் பார்த்தார். "மேனேஜர் ரூம் கதவுல எவனோ 'பொதுக் கழிப்பிடம், இலவசம்'னு பெயின்ட்ல எழுதிட்டுப் போயிருக்கான். டிரைவருங்க எல்லாம் வரிசைல நின்னுட்டாங்க. உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"எனக்கா? பெயின்ட் டப்பாவைத் திறக்கக்கூடத் தெரியாது பெரியப்பா."

முகத்தை அவ்வளவு அப்பாவியாக வைத்துக்கொண்டேன். அவர் தலையாட்டிவிட்டு மற்ற ஷூவையும் கழற்றினார். தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன்.

"சரி, கண்டக்டருக்கு இன்னிக்கு எவ்வளவு?"

"இருபத்தாறு" என்றேன்.