அம்மாவுக்குப் பாடிய கானா

எங்கள் ராயப்பேட்டைப் பக்கம் சாவு வீட்டில் கானா பாடுவதற்கு யாரும் பத்திரம் எழுதுவதில்லை. பாடுகிறவன் பாடுவான், கூட இருப்பவன் போனைத் தூக்கிப் பிடிப்பான். என் அம்மாவின் பதினாறாம் நாள் நான் பாடியதைப் படம் பிடித்தவன் என் சிநேகிதன். அம்மா கையால் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். இணையத்தில் நாங்கள் நடத்திய சேனலில் பாட்டு என் வேலை, மற்றதெல்லாம் அவன் வேலை.

மறுவாரம் போன் செய்தான். "மச்சி, ஒரு ஓடிபி வரும், சொல்லு."

எதற்கென்று கேட்கவில்லை. மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டே ஆறு எண்களையும் உரக்கச் சொன்னேன். என்னைவிட மடையன் உண்டா?

அம்மாவின் முதலாண்டு நினைவு நாள் நெருங்கியது. சொந்தக்காரர்கள் பார்க்கட்டுமே என்று இரண்டு நாள் முன்பே அந்தப் பாட்டை என் பெயரில் ஏற்றினேன். ஒரு மணி நேரத்தில் தூக்கிவிட்டார்கள். காப்புரிமை மீறலாம். பாட்டு ஏதோ ஒரு மியூசிக் கம்பெனிக்குச் சொந்தமாம். என் குரல், என் வரி, என் அம்மா. ஆனால் திருடன் நானாம்!

அந்தக் கம்பெனியில்தான் அவனுக்கு இப்போது வேலை என்று தெரிந்தது. தி.நகர் ஆபீசுக்கே போனேன்.

"இன்னா மச்சி, கோச்சிக்கினு வந்துகீற? விளம்பரத்த நம்பி இப்ப யாரு சேனல் ஓட்றாங்கோ? பாட்ட மொத்தமா கம்பெனிக்கு எழுதிக் குடுத்தாதான் உண்டு."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடா?"

"நீதான ஓடிபி சொன்ன? அதான் உன் கையெழுத்து. வுடு நைனா, வேற பாட்டு பாடிக்கோ."

"வேற அம்மாவுக்கு எங்கடா போறது?"

அவன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை அடிக்காமல் படியிறங்கியது எப்படி என்று இன்றும் தெரியவில்லை.

நினைவு நாளன்று மாலையோடு வந்து நின்றான். அம்மா படத்துக்கு முன்னால் வெளியே போடா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தைகள் பாடச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். கம்பெனி, ஓடிபி எல்லாம் மறந்தே போயிற்று. அம்மா லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ஓடிய வரி வந்தபோது அம்மா படத்தைப் பார்க்கக் கண்ணைத் திறந்தேன்.

எதிரே அவன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

பாட்டை நிறுத்திவிட்டேன். அம்மாவுக்கு அந்த வருஷம் பாதிப் பாட்டுதான்.